இரண்டாம் புள்ளி

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருந்தது; அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதாக அவளுக்கே நினைவில்லை. பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் நூல்களை அச்சிடும் அந்த இடத்தில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்த்துவந்தாள். அவளுக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் யாராவது, "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால், "பார்க்கிற வேலை எல்லாம் நமக்கு ஒத்துவராது. தடவுற வேலைதான்" என்பாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இருக்காது. கேட்டவர் சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்று புரியாமல் திண்டாடுவது அவளுக்குப் பிடிக்கும்.

அச்சகம் ஒரு மாடியில் மூன்று அறைகளில் இருந்தது. கீழே குளிர்பதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை. மாடியில் முதல் அறையில் இரண்டு கணினிகள். நடு அறையில் பிரெய்ல் அச்சு இயந்திரம், ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவில். அது ஓடத் தொடங்கினால் தகரத்தின் மேல் சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல் சத்தம் வரும். சுற்றிலும் நுரைப்பஞ்சு ஒட்டிய மரப்பெட்டி செய்து மூடியிருந்தார்கள். அப்படியும் கீழ்க்கடைக்காரர் மாதம் ஒருமுறை படியேறி வந்து காதைப் பொத்திக்காட்டிவிட்டுப் போவார். மூன்றாவது அறையில் நூல்களைத் தைக்கும் மேசையும் மெய்ப்பு மேசையும்.

மெய்ப்பு மேசையில் அவளுக்கு எதிரில் உட்காருகிறவருக்கு வக்கீல் என்று பெயர். நிஜத்தில் அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த விஷயம் வந்தாலும் இரண்டு பக்கமும் அவரே வாதாடி, அவரே ஒத்திவைத்துவிடுவார்; அதனால் வந்த பெயர். அவள் பிரெய்ல் தாளை விரலால் தடவி உரக்கப் படிப்பாள். அவர் மூலநூலைக் கண்ணால் பின்தொடர்ந்து, மாறுகிற இடத்தில் பென்சிலால் மேசையைத் தட்டுவார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் போகும்.

கணினிகளில் முன்பு விலைகொடுத்து வாங்கிய இயங்குதளம் இருந்தது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் உரிமம் ஒரு வருடம் புதுப்பிக்கப்படாமல் போகவே, அவளுடைய கணினி நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வாயை மூடிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மூன்று மாதம் அப்படி ஓட்டினாள். பிறகு அவளோடு படித்த தோழி ஒருத்தி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்த்துத் திருத்தவும் கூடிய ஓர் இயங்குதளம் இருப்பதாகச் சொல்லி, அதைக் கட்டைவிரல் அளவு குச்சியில் போட்டுக் கொடுத்தாள். குச்சியைச் செருகிக் கணினியைத் தொடங்கியதும் அது பேசியது. நிறுவி முடித்த பிறகு அல்ல, நிறுவத் தொடங்கும்போதே. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது, வன்வட்டில் எவ்வளவு இடம் என்று சொன்னது. அதுவரை ஒரு கணினிக்கு உயிர்கொடுக்க அவள் யாருடைய கண்ணையாவது கடன்வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அறையில் யாரும் இல்லை. அவளே முடித்துவிட்டு, வக்கீல் வந்ததும், "சார், பழசு போயாச்சு" என்றாள்.

"யாரைக் கேட்டும்மா போச்சு?"

"யாரையும் கேட்கல. அதான் விசேஷம்."

மேலாளர் அவளைவிடப் பத்து வயது இளைய பெண்மணி. கணக்காய்வுத் துறையிலிருந்து வந்தவர். முதலில் பயந்தார். இரண்டு வாரம் எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகு மற்றக் கணினியையும் மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து கணினி என்றால் புள்ளியக்காவின் பொறுப்பு என்று ஆயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். அவளே இறக்கி, அவளே ஏற்றுவாள். ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆறாவது வருடம் ஒரு திங்கட்கிழமை, பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் கணக்கு ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரும் பார்வையில்லாதவர். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவருடைய பள்ளிக்கு இருபத்துநான்கு கணக்குப் புத்தகங்கள் போயிருந்தன.

"மேடம், உங்க புத்தகத்துல ஏழெட்டு ஐம்பத்து மூணுன்னு போட்டிருக்கு."

"இருக்காதுங்களே. நான் படிச்சு அனுப்பின புத்தகம்."

"நானும் என் விரல்லதான் படிச்சேன். நான் வகுப்புல ஐம்பத்தாறுன்னு சொன்னா பசங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. புத்தகத்துல வேற இருக்கேன்னு கேட்கறாங்க. என்னைவிட உங்க மேல நம்பிக்கை அதிகம்."

மறுநாள் ஒரு பிரதி வந்து சேர்ந்தது. அவர் சொன்ன பக்கத்தில் விரலை வைத்தாள். ஐம்பத்து மூன்று. தெளிவாக, தடுமாற்றம் இல்லாமல், ஐம்பத்து மூன்று.

பிரெய்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு இடம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. எந்தெந்த இடத்தில் புள்ளி மேடிட்டிருக்கிறது என்பதை வைத்து எழுத்து. ஒன்றும் இரண்டும் நான்கும் இருந்தால் ஆறு என்ற எண். அதிலே இரண்டாம் புள்ளி மட்டும் விழாமல் போனால் அது மூன்று. ஏழில் போனால் நான்கு. எட்டில் போனால் ஐந்து. சொற்களில் ஒரு புள்ளி விழாவிட்டால் படிக்கிறவரின் விரல் தானாகவே சரிசெய்துகொண்டு மேலே போய்விடும். எண்ணில் அப்படி இல்லை. தப்பான எண்ணும் ஓர் எண்தான். அது தப்பு என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

மேலாளர் கணினியில் கோப்பைத் திறந்து பார்த்தார். அதில் ஐம்பத்தாறு என்றே இருந்தது. அப்படியானால் இயந்திரம் புள்ளியை விட்டிருக்கிறது. இயந்திரம் விட்டது என்றால், மெய்ப்புத் தாளிலும் விட்டிருக்க வேண்டுமே, அது அங்கே ஏன் பிடிபடவில்லை? மெய்ப்புத் தாள்களை யாரும் வைத்துக்கொள்வதில்லை. திருத்தம் முடிந்ததும் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே அடைக்கப் போய்விடும். சாட்சி சொல்லக்கூடியவர் வக்கீல் ஒருவர்தான்.

"ஐம்பத்தாறுன்னுதான் படிச்சாங்க. என் காதால கேட்டேன்" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, வழக்கம்போல அடுத்த பக்கத்துக்கும் தாவினார். "ஆனா ஏழெட்டு எவ்வளவுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் யாருமே ஐம்பத்தாறுன்னுதானே சொல்வாங்க."

அவர் சொன்னது அவளுக்கும் தோன்றியிருந்ததுதான். அன்றைக்கு அந்த வரியை விரல் சொன்னதா, வாய் சொன்னதா என்று அவளாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேலாளர். "சுகர் இருக்குன்னு சொன்னீங்களே. விரல் மரத்துப்போற மாதிரி ஏதாவது..."

"பார்க்கிறேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பாதமும் விரல்நுனிகளும் மரத்துப்போயிருந்தன. சூடான பாத்திரத்தைப் பிடித்தபடியே நிற்பாள். தோல் பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் தெரியும். நாலு வருடமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த மகளுக்கு அந்த வாசனை மறக்கவில்லை. தனக்கும் அப்படி வந்தால் வேலை போகும் என்பது இரண்டாவது கவலை. படிக்க முடியாது என்பதுதான் முதல் கவலை.

கணவர் ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய் மதியம் திரும்பிவிடுவார். அன்று மாலை அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிற எள்ளில் கொஞ்சத்தை ஒரு தாளில் உதறி அவள் முன்னால் வைத்தார்.

"எத்தனைன்னு எண்ணு. அழுத்தாம."

இடக்கைச் சுட்டுவிரலை மெல்ல ஓட்டினாள். "பதினேழு."

"பதினாறுதான் இருக்கு."

"பதினேழு. மறுபடி எண்ணுங்க."

அவர் மறுபடி எண்ணினார். பதினாறுதான் வந்தது. பிறகு தாளைத் தூக்கிப் பார்த்தார். மடிப்பின் அடியில் ஒன்று பாதி ஒளிந்திருந்தது. "என் கண்ணுக்குத்தான் டாக்டரைப் பார்க்கணும்போல" என்றார். அவள் எழுந்து போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து மீதி இருபத்துமூன்று பிரதிகளையும் திருப்பி வாங்கினார்கள். எல்லாவற்றையும் அவளே படிப்பதாகச் சொன்னாள். மெய்ப்பு என்பது ஒரு பிரதியைப் படிப்பது. அது சரியென்றால் மற்றதெல்லாம் சரி என்ற நம்பிக்கையில்தான் அச்சகமே நடந்தது. இப்போது ஒவ்வொரு பிரதியிலும் வாய்ப்பாட்டுப் பக்கங்களை மட்டும் வரிவரியாகப் படித்தாள். வாய் முந்திக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு வரியையும் வலமிருந்து இடமாக, கடைசி எண்ணிலிருந்து தடவினாள். மூன்றாம் நாள் ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஒரு பிரதியில் ஐம்பத்து மூன்று என்று இருந்த இடம் இன்னொன்றில் ஐம்பத்தாறாக இருந்தது. பிழைகள் ஒரே இடத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு இடத்தில், ஆனால் எப்போதும் இரண்டாம் புள்ளி. அதோடு, நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடிய பிரதிகளில்தான் பிழை அதிகம். மெய்ப்புத் தாள் தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு பக்கமாக, இயந்திரம் ஆறியிருக்கும்போது எடுத்தது. அதில் பிழை இருந்திருக்கவே முடியாது.

விஷயத்தைச் சொன்னபோது வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படின்னா அன்னைக்கு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"எதை சார், முதல்ல சொன்னதையா, ரெண்டாவதா சொன்னதையா?"

இயந்திரத்தைப் பார்க்க மெக்கானிக் வந்தார். அவர் வந்தது காலை ஒன்பதரைக்கு. ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார், குறையே இல்லை. இரண்டாம் புள்ளியைக் குத்துகிற ஊசியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "மெஷின் தங்கம்மா. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கீழே தேநீர் குடிக்கப் போனார். மதியம் அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது இருபதாவது பக்கத்துக்குப் பிறகு இரண்டாம் புள்ளி மறுபடி காணாமல் போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றியது அவள். அந்த இயங்குதளத்தில் ஒரு நல்ல குணம்: புதியதை ஏற்றினாலும் பழைய மையப்பகுதியைத் தூக்கி எறியாமல் ஓர் ஓரமாக வைத்திருக்கும். கணினியைத் தொடங்கும்போது பழையதைத் தேர்ந்தெடுத்தாள். அறுபது பக்கம் நிறுத்தாமல் ஓட்டினாள். மரப்பெட்டி கையில் சுடுகிற அளவுக்குச் சூடேறியது. அறுபதையும் படித்தாள். ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

விரலும் தப்பவில்லை, ஊசியும் தப்பவில்லை. தப்பு தன் கையால் ஏற்றியதில் இருந்தது. நிம்மதியும் சங்கடமும் சம அளவில் வந்தன. மேலாளரிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னாள்.

"பழசையே வச்சுக்கிட்டா போதுமே அக்கா" என்றார் மேலாளர்.

"நமக்குப் போதும் மேடம். இதே மெஷின் வேற எங்கயாவது இருந்தா? அவங்க கதைப்புத்தகம் அடிக்கிறவங்களா இருந்தா வருஷக்கணக்கா தெரியாது."

அந்த இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். எல்லோரும் ஒரு மின்னஞ்சல் மடற்குழுவில் எழுதிக்கொள்வார்கள். அவள் அதுவரை அதைப் படித்ததும் இல்லை. திக்கித் திணறி, அவர்கள் எல்லோருக்கும் பொதுவான மொழியில் ஒரு கடிதம் எழுதினாள்: பழையதில் சரி, புதியதில் தவறு, இயந்திரம் சூடான பிறகு, இரண்டாம் புள்ளி மட்டும். கீழே புள்ளி என்று கையெழுத்துப் போட்டாள். 

அச்சு இயந்திரங்களின் இணைப்பைக் கவனித்துக்கொண்ட பராமரிப்பாளர் ஒருவர் மறுநாளே பதில் எழுதினார். அவருக்கு இது சம்பளம் இல்லாத வேலை. பகலில் வேறெங்கோ மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதுகிறவர். இரண்டு பதிப்புக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டாயிரம் மாற்றங்கள் நடந்திருப்பதாகச் சொன்னார். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டாயிரத்தில் சரிபாதி வரையிலான மாற்றங்களை மட்டும் சேர்த்து ஒரு பதிப்பைக் கட்டித் தருவார். அவள் ஓட்டிப் பார்த்து நல்லது, கெட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். கெட்டது என்றால் முன்பாதி, நல்லது என்றால் பின்பாதி. அதை மறுபடி பாதி. பதினோரு முறையில் ஒற்றை மாற்றத்துக்கு வந்துவிடலாம்.

மற்றவர்களுக்கு இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலை. அவளுக்கு ஒவ்வொன்றும் அரை நாள். இயந்திரம் சூடாக வேண்டும், நாற்பது பக்கம் ஓட வேண்டும், நாற்பதையும் படிக்க வேண்டும். அச்சக வேலைக்கு இடையில் மூன்று வாரம் ஆனது. நாலாவது சோதனைக்குப் பிறகு சுட்டுவிரல் நுனி சிவந்து வீங்கியதால் நடுவிரலுக்கு மாறினாள். ஒருமுறை அவசரத்தில் நல்லது என்று எழுதிவிட்டு, மனம் கேட்காமல் மறுபடி படித்து, முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பிழையைக் கண்டு, கெட்டது என்று திருத்தி எழுதினாள். அந்த ஒன்று தப்பியிருந்தால் தேடல் முழுக்க வேறு பக்கம் போயிருக்கும்.

பதினோராவது முறையில் சிக்கியது ஒரே ஒரு வரி. கணினி இயந்திரத்துக்கு ஆறு புள்ளிகளுக்கான சைகைகளை ஆறு கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பும். பிறகு 'எடுத்துக்கொள்' என்று ஏழாவதாக ஒரு சைகை. இரண்டுக்கும் நடுவே இம்மியளவு காத்திருக்கச் சொல்லியிருந்தது அந்த வரி. அதை ஒருவர் நீக்கியிருந்தார். 'இந்தக் காத்திருப்பு தேவைப்படும் கருவி எதுவும் இப்போது இருப்பதாகத் தெரியவில்லை' என்று குறிப்பும் எழுதியிருந்தார். மடற்குழுவில் அவருடைய பழைய கடிதங்களைத் திரைவாசிப்பான் படித்துக்காட்டக் கேட்டபோது, அந்த மனிதருக்கு எதையாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தெரிந்தது. வக்கீல் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தார்.

"ஒரு வரியைக் காணோம்னா மெஷின் ஏன்மா ஒரு புள்ளியை மட்டும் விடணும்?" என்று கேட்டார் வக்கீல்.

அவள் கையிலிருந்த தாள்களில் இதற்கும் ஒரு விடை வைத்திருந்தாள். புள்ளி போன இடங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தபோது, அதற்கு முந்தைய எழுத்தில் இரண்டாம் புள்ளி இல்லாமல் இருந்தது. முந்தைய எழுத்தில் இருந்தால் அடுத்ததில் போவதே இல்லை.

"ஆறு பேர் ஒண்ணா மாடி ஏறணும் சார். அஞ்சு பேர் டக்குனு ஏறிடறாங்க. ஒருத்தனுக்கு முட்டி வலி. அவன் ஏறி வர்றதுக்குள்ள கதவைச் சாத்திடறாங்க. முன்னாடி கொஞ்சம் நின்னு சாத்தினாங்க, அவனும் வந்து சேர்ந்தான். அவன் ஏற்கெனவே மேல நிக்கிறான்னா பிரச்சனையே இல்ல."

"சூடானா முட்டி வலி ஜாஸ்தியாகுது."

"அவ்வளவுதான்."

இதையே மடற்குழுவுக்கும் எழுதினாள், முட்டி வலி உட்பட. பராமரிப்பாளருக்கு உடனே புரிந்தது. கத்தரி ஒத்துக்கொள்ளவில்லை. முட்டி வலி இயந்திரத்துக்குத்தானே, அதற்கு மருந்து இங்கே ஏன் என்பது அவர் கட்சி. கம்பியை மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றினாள், பயனில்லை. அப்படியானால் இயந்திரத்துக்குள் இருக்கிற பலகைதான் பழுது, அது எங்கள் தவறு இல்லை என்றார். பராமரிப்பாளர் அந்த இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்: நேற்றுவரை ஓடியது இன்று நம் மாற்றத்தால் ஓடவில்லை என்றால், அது யாருடைய முட்டியாக இருந்தாலும் தவறு நம்முடையது, இந்த வேலையில் சேரும்போது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் அது. கத்தரி படம் கேட்டார். வக்கீல் கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி. படத்தில் பனிமூட்டம்தான் தெரிந்தது.

"சார், அவரு முகவரியைக் கேட்டு எழுதுங்க" என்றாள்.

சூடேறிய இயந்திரத்தில், புதிய பதிப்பில் ஒரு பக்கமும் பழையதில் அதே பக்கமும் அடித்து, அட்டைக்கு நடுவே வைத்துத் தபாலில் அனுப்பினாள். கூடவே எண்களின் புள்ளி அமைப்பை வக்கீல் மையால் வரைந்து கொடுத்தார். பிறகு மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. மேலாளர் கேட்பதை நிறுத்திவிட்டார். அவளும் தன் வேலையைப் பார்த்தாள்.

கத்தரியின் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கண்ணால் படித்ததாக எழுதியிருந்தார். பதினான்கு வரிதான் படிக்க முடிந்ததாம். ஒன்பதாவது வரியில் ஐம்பத்து மூன்றைக் கண்டாராம். நீங்கள் ஒரு நாளில் நாற்பது பக்கம் படிப்பதாக எழுதியிருந்ததை நான் தட்டச்சுப் பிழை என்று நினைத்திருந்தேன் என்றும் ஒரு வரி இருந்தது. மன்னிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. கடிதத்தின் அடியில் திருத்தம் இருந்தது.

அந்தத் திருத்தத்திலும் ஒரு வில்லங்கம். காத்திருப்பைத் திரும்பக் கொண்டுவந்தவர் அதை விருப்பத் தேர்வாக வைத்திருந்தார். தேவைப்படுகிறவர்கள் போய் இயக்கிக்கொள்ள வேண்டும். அவள் எழுதினாள்: 'நான் அடித்தது வாய்ப்பாடு. அதனால் பிழை வெளியே வந்தது. தேவைப்படுகிறவருக்குத் தனக்குத் தேவை என்று எப்படித் தெரியும்?' மற்றவர்களுக்கு வேகம் குறையுமே என்று கத்தரி இழுத்தார். பராமரிப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு ஆகிற கூடுதல் நேரம் ஒரு கண்ணிமைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காத்திருப்பு எல்லோருக்கும் என்று முடிவானது.

ஒவ்வொரு திருத்தத்தோடும் பிழையைச் சொன்னவர் யார், சோதித்தவர் யார் என்று எழுதி வைப்பது அங்கே வழக்கம். புனைபெயர் கூடாது என்றார்கள். முழுப்பெயரை அனுப்பினாள். வெளியானதும் வக்கீல் அதைத் திரையில் படித்துவிட்டு, "யாரும்மா இது?" என்று கேட்டார். அவள் சொன்ன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சம்பளப் பட்டியலை எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

பள்ளிக்குப் புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. மேலாளர் புதிதாக அடித்துவிடலாம் என்றார். அவ்வளவு தாள் கையிருப்பில் இல்லை. விழாத புள்ளியைக் கையால் குத்திவிடலாம். தாளின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் அழுத்த வேண்டும். பின்பக்கத்தில் இடது வலதாக மாறும், அது ஒன்றுதான் கவனம். ஒன்றரை மாதம், மதியத்துக்குப் பிறகான நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்தாள். புத்தகம் முழுவதையும், சொற்களையும் சேர்த்து, படித்துக் குத்தினாள். கணவர் ரொட்டிக்கூடத்திலிருந்து நேராக வந்து, தைத்த நூல்களைப் பிரிக்காமல் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொள்வார். மாவு பிசைந்த கை என்பதால் பிடி அசையாது.

"எத்தனை ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டார்.

"எண்ணல. எண்ணினா கோபம் வரும்."

"யார் மேல?"

"அதுதான் தெரியல. எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க."

புத்தகங்கள் போய்ச் சேர்ந்த வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். பிள்ளைகள் இப்போது எந்தப் புத்தகத்தையும் அப்படியே நம்புவதில்லையாம், ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்கிறார்களாம், பாடம் நகரவே மாட்டேன் என்கிறது என்றார். அது புகாரா பாராட்டா என்று அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு மடற்குழுவில் அவளுக்கு அவ்வப்போது கடிதங்கள் வரத் தொடங்கின. புதிய பதிப்பு வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால், பேசிக்கொண்டே நிறுவுகிற அந்த வசதியைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். பார்வையுள்ளவர்கள் திரையை அணைத்துவிட்டுச் சோதிப்பதாகச் சொன்னாலும், மாட்டிக்கொண்டால் திரையைப் போட்டுப் பார்த்துவிடுகிறார்களாம். அவள் ஒத்துக்கொண்டாள். அச்சகத்தில் பயன்படாமல் கிடந்த ஒரு கணினியை மேலாளர் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை காலை, அடுக்களை மேசையில் அதை வைத்து நிறுவிப் பார்ப்பாள். ஏழு முறை எல்லாம் சரியாக நடந்தது. ஏழு முறையும் 'பேசியது' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினாள்.

எட்டாவது முறை குச்சியைச் செருகித் தொடங்கியதும் விசிறி சுற்றியது, வட்டு முனகியது, அவ்வளவுதான். பதினோரு நிமிடம் காத்திருந்தாள். அணைத்து மறுபடி தொடங்கினாள். ஒலிபெருக்கியை மாற்றினாள். வேறு குச்சியில் போட்டுப் பார்த்தாள். பிறகு தன் பழைய கணினியில் உட்கார்ந்து, என்னென்ன செய்தாள் என்பதை வரிசையாக எழுதி, கடைசியில் 'பேசவில்லை' என்று முடித்து அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கணவரோடு கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது பதினேழு கடிதங்கள் வந்திருந்தன. திங்கட்கிழமை வெளியாக வேண்டிய பதிப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒலி அமைப்பைத் தொடங்குகிற வரிசையில் யாரோ ஒன்றை முன்பின் மாற்றியிருந்ததாகவும், புதன்கிழமைக்குள் சரியாகிவிடும் என்றும் கடைசிக் கடிதம் சொன்னது. திரைவாசிப்பான் ஒவ்வொன்றாகப் படிக்க, கணவர் வெண்டைக்காயைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்களா?"

"ம்."

"எத்தனை பேரு?"

"யாருக்குத் தெரியும். நிறைய."

"உன்னாலயா?"

"சத்தம் வரல. வரலன்னு சொன்னேன்" என்றாள் அவள். கத்தியைத் தேடிக் கையை நீட்டினாள். பிடி அவள் பக்கம் இருக்கும்படி அவர் திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை புதிய குச்சியைப் போட்டபோது அது பேசியது.